கறுப்பு ஓரத்துப் பெண்

டிப்போவில் அவன் அம்மாவை எல்லோரும் தொலைஞ்சக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பேருந்தில் ஆட்கள் மறந்துவிட்டுப் போகிற பொருளெல்லாம் கடைசியில் அவள் அறைக்கு வந்து சேரும். குடை, டிபன் பாக்ஸ், ஒற்றைச் செருப்பு, மூக்குக்கண்ணாடி. ஒருமுறை முழுசாக ஒரு பல்செட்.

"பல்லை விட்டுட்டு இறங்கினவன் வீட்டுல என்னக்கா சொல்லியிருப்பான்?" என்று டீசல் அண்ணன் கேட்டார்.

"எப்படிண்ணே சொல்லுவான், பல்லுதான் இங்க இருக்கே" என்றாள் அம்மா. அந்தப் பதில் டிப்போவில் வெகுநாள் ஓடியது.

டீசல் அண்ணன் பேருந்துகளுக்கு டீசல் போடுகிறவர். மதியச் சாப்பாட்டை அவள் அறையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார். அவர் இவளை அக்கா என்பார், இவள் அவரை அண்ணே என்பாள். யார் மூத்தவர் என்பதை இரண்டு பேரும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

அறை, டயர் கிடங்குக்கும் கழிவறைக்கும் நடுவில் இருந்தது. முன்னால் கம்பி போட்ட கவுண்டர். பின்னால் கூரைவரை இரும்பு அடுக்குகள். அந்தக் கவுண்டரில் ஒரே ஒரு சட்டம்தான்: கேட்டு வந்தவர்தான் முதலில் சொல்ல வேண்டும்.

"என் பை தொலைஞ்சுபோச்சு."

"என்ன பை?"

"கறுப்புப் பை."

"கறுப்புப் பைன்னா ஊரே தூக்கிட்டுத் திரியுது. உள்ள என்ன இருந்துச்சு?"

அந்தப் பை அவள் காலடியிலேயே கிடக்கும். முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. வந்தவர் ஜிப்பின் நிறம், பிய்ந்த வார், உள்ளே இருந்த சீப்பு என்று எல்லாம் சொன்ன பிறகுதான் குனிந்து எடுப்பாள். "நாமளா நீட்டக் கூடாது" என்பாள். "நீட்டினா, அதுதான் சார் அதுதான்னு எவன் வேணாலும் வாங்கிட்டுப் போயிடுவான். உரியவன் வாயால கேட்கணும்."

வீட்டிலும் அதே சட்டம். அவன் பள்ளிக்கூடத்தில் படித்தபோது காம்பஸ் பாக்ஸைத் தொலைத்தான். அது அலமாரி மேல் அவள் கண்ணெதிரே இருந்தது. அவன் அழுது முடிக்கும்வரை காத்திருந்து, "என்ன நிறம்? மூடி நசுங்கியிருக்குமா?" என்று விசாரித்தாள். அப்பா பேருந்து ஓட்டியவர், அதிகம் பேசாதவர். அன்றைக்கு மட்டும் பேசினார்: "பெத்த பிள்ளைகிட்டயுமா கவுண்டரைத் திறப்ப?"

அப்பா தவறிப்போனபோது அவன் கல்லூரியில் இருந்தான். பிறகு வேலை கிடைத்து வெகுதூரம் போனான். உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பொருத்தி, ஓட்டிப் பார்த்து, பிழை கண்டுபிடித்துச் சரிசெய்கிற வேலை. ஒரு கட்டடம் முடிவதற்குள் அடுத்தது தயாராக நிற்கும். குடியிருந்த அறையில் ஒரு தட்டு, ஒரு கோப்பை. இரண்டாவது கோப்பை வாங்க வேண்டும் என்று பல தடவை நினைத்தான். யாருக்கு என்று தெரியாததால் வாங்கவில்லை.

அந்தப் புத்தகம் ஒரு மழை நாளில் வந்தது. பேருந்தின் கடைசி இருக்கையில் பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்ததாம். ஜப்பானிய எழுத்து, உள்ளே முழுக்கப் படம். கெடு முடியும்வரை யாரும் கேட்டு வரவில்லை. பழைய பேப்பருக்குப் போக வேண்டியதை மேலாளரிடம் கேட்டு வீட்டுக்கு எடுத்துப் போனாள். ஞாயிற்றுக்கிழமை போனில் அவனிடம் சொன்னாள்.

"என்னடா கதை இது? முதல் பக்கத்துல ஒருத்தன் செத்துக் கிடக்கான். நாலு பக்கம் தள்ளி எழுந்து உட்கார்ந்து சாப்பிடுறான்."

"அம்மா, அது ஜப்பான்காரங்க புத்தகம். பின்னாடியிருந்து முன்னாடி படிக்கணும்."

"தெரியும். நானே கண்டுபிடிச்சுட்டேன்."

"எப்படி?"

"எந்தப் பக்கம் கசங்கியிருக்குன்னு பார்த்தேன். ஆரம்பந்தான் கசங்கும். எவன் கடைசிவரைக்கும் அதே ஆசையோட படிக்கிறான்?"

அந்த மாதிரிப் புத்தகத்துக்கு மாங்கா என்று பெயர் என்றான். "பேரு மாங்காவா? புளிக்கலையே" என்றாள். கையில் இருந்தது நடுவில் ஒரு பாகம்தான். முதலிலிருந்து எல்லாம் வேண்டும் என்றாள். அவளாக வாய்விட்டு ஒன்றைக் கேட்பது அபூர்வம். ஆங்கிலத்தில் கிடைக்கும், டீசல் அண்ணன் மகள் படித்துச் சொல்வாளே என்றதற்கு, "எனக்கு எதுக்கு எழுத்து? அதே மாதிரி வாங்கு. படம்தான் பேசுதே" என்றாள். அவன் ஜப்பானியப் பதிப்பையே வரவழைத்து டிப்போ முகவரிக்கு அனுப்பினான். புதுப் பாகம் வெளிவரும்போதெல்லாம் தானாகப் போய்ச் சேரும்படி பதிவு செய்தும் வைத்தான். பொறியாளன். ஒருமுறை செய்துவிட்டால் மறுபடி நினைக்க வேண்டியதில்லை.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கதை சொன்னாள். அவன் போனைத் துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் வைத்துவிட்டுச் சட்டை தேய்ப்பான்.

கதாநாயகிக்கு அம்மா வைத்த பெயர் ஈட்டிக்காரி. மலைக்கோட்டையில் பிறந்தவள். பனி அவள் சொன்னபடி கேட்கும். நில் என்றால் நிற்கும், பெய் என்றால் பெய்யும். அரசன் யாருக்கோ அவளைக் கட்டிவைக்கப் பார்க்க, சபை நடுவில் ஈட்டியை முழங்காலில் வைத்து ஒடித்து, பாதியை அவன் காலடியில் எறிந்துவிட்டுக் குதிரை ஏறிப் போய்விட்டாள். மிச்சப் பாதியை வைத்துக்கொண்டுதான் அத்தனை சண்டையும். அவள் பின்னாலேயே ஓர் இளவரசன், பாதி முகத்தை மறைத்துக்கொண்டு வருவான். அவனுக்கு முகமூடி என்று பெயர்.

"நல்லவன்தான். ஆனா வாயைத் திறக்க மாட்டான். உங்கப்பா மாதிரி. ரெண்டு புத்தகமா பக்கத்துல பக்கத்துல நிக்கிறாங்க, ஒரு வார்த்தை கிடையாது. குதிரைக்கே பொறுமை போயிடுச்சு. அது மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது."

"ம்."

"உன் ம்-ல உயிரே இல்லையே. சட்டை தேய்க்கிறியா?"

"இல்லம்மா. சொல்லு."

"ஈட்டிக்காரிக்கு ஒரு பொண்ணு இருக்குடா."

"கல்யாணமே ஆகலைன்னியே?"

"ஆகாட்டி என்ன? இருக்கு. நெத்தியில அதே சுழி. அதே முறைப்பு. எங்கேயோ தூரத்துல வளருது. அந்தப் பொண்ணு வர்ற பக்கத்துக்கெல்லாம் ஓரத்துல கறுப்பு அடிச்சிருக்கான். தூரம்னு அர்த்தம். ஈட்டிக்காரி சண்டை முடிஞ்சு தனியா உட்கார்ந்து அப்படியே பார்ப்பா. பக்கத்தைத் திருப்பினா கறுப்பு ஓரம். பொண்ணு ஆத்துல தண்ணி எடுத்துக்கிட்டிருக்கும். இவ நினைக்கிறப்பல்லாம் அது வரும்."

கறுப்பு என்றால் தூரம். அவன் அதை அப்படியே ஏற்றுக்கொண்டான். சந்தேகப்பட ஒரு காரணமும் இல்லை.

அதன் பிறகு முகமூடியைவிட அந்தப் பெண்தான் அம்மாவின் பேச்சில் அதிகம் வந்தாள். பெண்ணுக்குக் காய்ச்சல். பெண் ஆற்றில் தவறி விழுந்தாள், ஒரு மீனவன் இழுத்துப் போட்டான். பெண் ஒரு நரிக்குட்டியை எடுத்து வளர்க்கிறாள். "ஒண்ணுதான் புரியல" என்றாள் ஒருநாள். "இத்தனை பாகம் ஆச்சு, அந்தப் பொண்ணு வளரவே மாட்டேங்குது." கொஞ்சம் பொறுத்து அவளே சொன்னாள்: "அதுவும் சரிதான். பெத்தவ கண்ணுக்குப் பிள்ளை வளருமா?"

பேச்சின் முடிவில் அவன், "இந்தக் கட்டடம் முடியட்டும்மா" என்பான். அவள் "சரி" என்பாள். எப்போது வருகிறாய் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அதனால் அவளுக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லை என்று அவன் நினைத்துக்கொண்டான். கேட்காததை இல்லாததாகக் கணக்கு வைப்பது அவன் தொழிலில் பழக்கம். எச்சரிக்கை மணி அடிக்காவிட்டால் பிழை இல்லை.

ஒருநாள் டீசல் அண்ணன்தான் போன் செய்தார். தொலைஞ்சக்கா அடுக்குகளுக்கு நடுவில் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டாளாம். அவன் வந்து பார்த்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூக்கையும் வாயையும் மூடி ஆக்சிஜன் மாட்டியிருந்தார்கள். அதைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பார்த்தியா, இப்ப நான்தான் முகமூடி" என்றாள்.

"பேசாதம்மா."

"அவனும் பேச மாட்டான்."

நர்ஸ் வந்து மூடியைச் சரிசெய்துவிட்டுப் போனார். அவர் திரும்பியதும் அம்மா மறுபடி அதைத் தூக்கினாள்.

"கடைசி பாகம் இன்னும் வரல. வந்தா, அந்தப் பொண்ணு வந்து சேர்ந்துச்சான்னு பார்த்துச் சொல்லு."

"நீயே பார்ப்ப."

"சொல்லுவியா மாட்டியா?"

"சொல்றேம்மா."

உடம்பு தேறுவது போலத்தான் இருந்தது. டாக்டரும் அப்படித்தான் சொன்னார். அவன் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டிய லிஃப்ட் ஒன்று அங்கே காத்திருந்தது. ஆய்வாளர் வரும் தேதியை மாற்ற முடியாது. "முடிச்சுட்டு உடனே வந்துடுறேன்" என்றான். "சரி" என்றாள்.

அவன் லிஃப்ட் கூண்டின் மேல் உட்கார்ந்து கம்பிவடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் போய்விட்டாள். லிஃப்ட் ஓடும் கூட்டுக்குள் போன் எடுக்காது. நாலு பக்கமும் கான்கிரீட். வேலை முடிந்து வெளியே வந்து நின்றதும், வராமல் இருந்த அழைப்புகளெல்லாம் ஒன்றாக வந்தன.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு அவன் வீட்டைக் காலி செய்ய இருந்துவிட்டான். விடுப்பு எடுத்திருந்தான். இத்தனை வருடம் கிடைக்காத விடுப்பு ஒரே மின்னஞ்சலில் கிடைத்தது. அம்மாவின் அலமாரியில் புடவைகளுக்குப் பக்கத்தில் மாங்கா பாகங்கள் வரிசையாக நின்றன. கசங்கல் எந்தப் பாகத்திலும் ஆரம்பத்தோடு நிற்கவில்லை. கடைசிப் பக்கம்வரை ஒரே சீராக இருந்தது.

டீசல் அண்ணன் ஒரு பார்சலோடு வந்தார். "டிப்போவுக்கு வந்துச்சு தம்பி. உங்கம்மா பேருக்கு." அவன் செய்து மறந்திருந்த பதிவு, யாரையும் கேட்காமல் தன் வேலையைச் செய்திருந்தது. கடைசிப் பாகம். அவர் உட்காராமல் போய்விட்டார். கண் கலங்கியிருந்தது, டீசல் வாடை என்று சொல்லிக்கொண்டார்.

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தான். பார்சலைப் பிரித்தான். வலப்பக்கத்திலிருந்து திருப்பினான். பனி, குதிரை, முகங்கள். அம்மாவுக்குப் பேசிய படம் எதுவும் அவனோடு பேசவில்லை. யார் யார் என்றே தெரியவில்லை. நெற்றிச் சுழியைத் தேடினான். எல்லோர் நெற்றியிலும் முடிதான் விழுந்துகொண்டிருந்தது. நான்கு பக்கத்துக்கு மேல் போக முடியாமல் மூடிவைத்தான்.

பிறகு தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினான். முதல் பாகத்திலிருந்து ஆங்கில மொழிபெயர்ப்பை வாங்கிப் போனில் வைத்துக்கொண்டான். ஒவ்வொரு பாகத்தையும் அம்மாவின் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்து, பக்கத்துக்குப் பக்கம் படித்தான். பகலெல்லாம் படித்தான். கட்டில் காலியாகவும் பாத்திரங்கள் மூட்டையாகவும் கிடந்தன.

முதல் பாகத்தின் பாதியிலேயே கறுப்பு ஓரம் வந்துவிட்டது. ஆற்றங்கரை. தண்ணீர் எடுக்கும் சிறுமி. மேலே ஒரு சின்னக் கட்டத்தில், ஜப்பானிய எழுத்தில் நாலைந்து எழுத்து. ஆங்கிலத்தில் அதே இடத்தில் எழுதியிருந்தது: பல ஆண்டுகளுக்கு முன்.

அவன் திரும்பத் திரும்பப் பார்த்தான். அடுத்த பாகம், அதற்கடுத்த பாகம். கறுப்பு தூரம் இல்லை. கடந்த காலம். அந்தச் சிறுமி ஈட்டிக்காரியேதான். காய்ச்சல் அவளுக்கு வந்தது. ஆற்றில் விழுந்தது அவள். மகள் என்று யாரும் இல்லை.

ஒரு பிழையைக் கண்டுபிடித்தால் அது எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று பார்ப்பது அவன் பழக்கம். அம்மாவின் கதையை ஒவ்வொரு கறுப்புப் பக்கத்திலும் பொருத்திப் பார்த்தான். எங்கேயும் தடுக்கவில்லை. ஈட்டிக்காரி தூரத்தைப் பார்க்கிறாள், பெண் வருகிறாள். எல்லாப் பாகத்திலும் கதை கொஞ்சமும் இடறாமல் ஓடியது. அவன் ஒரே ஒரு பாகத்தைப் படித்திருந்தால் அந்தப் பிழையை ஒரு ஞாயிற்றுக்கிழமையிலேயே நிறுத்தியிருக்கலாம். படிக்கவில்லை. சட்டை தேய்த்தான்.

இப்போது அவளிடம் போய்ச் சொல்ல அவனிடம் என்ன இருக்கிறது? இல்லாதவள் எப்படி வந்து சேர்வாள்?

டிப்போவுக்குப் போனான். அம்மாவின் அறை பூட்டியிருந்தது. புது ஆள் இன்னும் வரவில்லை. கவுண்டருக்கு வெளியே டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்து டீசல் அண்ணன் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தப் புத்தகத்துல ஒரு பொண்ணு வருமே. அம்மா சொன்னாங்களா?"

"சொன்னாங்களாவா? எத்தனை மதியம் கேட்டிருக்கேன். அது ஆத்துல விழுந்த அன்னிக்கு எனக்குச் சோறே இறங்கல. ஏன், வந்துடுச்சா?"

"அப்படி ஒரு பொண்ணே இல்லண்ணே. அம்மா தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க. அது ஈட்டிக்காரி சின்ன வயசுல இருந்தது."

அவர் டிபன் பாக்ஸை மூடினார்.

"இல்லாத பொண்ணுக்கா நான் அவ்வளவு கவலைப்பட்டேன்? நல்லா ஏமாத்தியிருக்கு உங்கக்கா." அவனுக்கு அம்மா, தனக்கு அக்கா என்பதைக் குழப்பிக்கொண்டதைக்கூட அவர் கவனிக்கவில்லை. "நான் ஒருநாள் கேட்டேன் தம்பி. அந்தப் பொண்ணு கிடக்கட்டும், உங்க பையனை ஒரு தடவை வந்துட்டுப் போகச் சொல்றதுதானேன்னு."

"என்ன சொன்னாங்க?"

"என்ன சொல்லுவாங்க? கவுண்டர் சட்டத்தைத்தான் சொன்னாங்க. நாமளா நீட்டக் கூடாதுண்ணே, கேட்டு வரணும்னாங்க."

பேருந்து ஒன்று டீசலுக்கு வந்து நின்று ஹாரன் அடித்தது. "வர்றேன் இரு, உன் வண்டி ஒண்ணும் சாகாது" என்று திட்டிக்கொண்டே அவர் எழுந்து போனார். அவன் பூட்டிய கவுண்டருக்கு முன்னால் நின்றான். கம்பிக்கு உள்ளே அவளுடைய நாற்காலி தெரிந்தது. உட்காரும் இடத்தில் மெத்தைத் துணி நடுவில் மட்டும் வெளுத்திருந்தது.

வீட்டுக்கு வந்து கடைசிப் பாகத்தை எடுத்தான். அதன் மொழிபெயர்ப்பையும் வாங்கியிருந்தான். திறக்கவில்லை. போனை வேறு அறையில் வைத்துவிட்டு வந்து, வெறும் தரையில், ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்தான். வலப்பக்கத்திலிருந்து மெதுவாகத் திருப்பினான். இப்போது முகங்கள் தெரிந்தன. இத்தனை பாகம் பழகியதில் குதிரையைக்கூட அடையாளம் தெரிந்தது.

போர் முடிந்துவிட்டது. முகமூடி முகத்தைத் திறந்துவிட்டான். பெரிய அழகன் ஒன்றும் இல்லை. கன்னத்தில் தீக்காயம், கண்ணில் சிரிப்பு. கடைசியில் வாயும் திறந்தான். என்ன சொன்னான் என்று தெரியவில்லை, ஆனால் ஈட்டிக்காரி சிரித்தாள். அவன் குதிரைகளைப் பிடித்துக்கொண்டு மலையடியிலேயே நிற்க, அவள் மட்டும் மேலே ஏறிப் போகிறாள். பழைய வீடு. பாதிக்கூரை இல்லை. வாசலில் மரக்கதவு மட்டும் நிற்கிறது.

பக்கத்தைத் திருப்பினான். கறுப்பு ஓரம். சிறுமி அதே கதவுக்குப் பக்கத்தில், கையில் குடம், தோளில் நரிக்குட்டி.

அடுத்து, புத்தகத்தின் கடைசி இரண்டு பக்கங்கள். விரித்தால் ஒரே படம். வலப்பக்கத்தில் சிறுமி கதவில் கை வைத்திருக்கிறாள். இடப்பக்கத்தில் ஈட்டிக்காரி கதவில் கை வைத்திருக்கிறாள். இரண்டு பேருக்கும் நடுவில் அந்த ஒரு கதவு. சுற்றிலும் பனி. வரைந்தவர் இந்த இடத்தில் மட்டும் ஓரமே விடவில்லை. கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. காகிதத்தின் விளிம்புவரை பனிதான். ஈட்டிக்காரியின் வாய்க்கு மேல் ஒரே ஒரு பேச்சுக்குமிழ், அதற்குள் இரண்டே எழுத்து.

அது என்ன என்று அவனால் பக்கத்து அறைக்குப் போய்ப் பார்த்துவிட முடியும். அவன் எழுந்திருக்கவில்லை. கறுப்பு ஓரம் இல்லை என்றால் தூரம் இல்லை. அம்மாவின் கணக்கு அதுதான். அந்தக் கணக்கு இதுவரை ஓரிடத்திலும் இடறவில்லை.

சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் கவுண்டரில் வெறுமே பெண் வந்துவிட்டாள் என்று சொன்னால் போதாது. அடையாளம் கேட்பாள்.

"நெத்தியில சுழி இருக்கும்மா" என்றான். காலி வீட்டில் குரல் சுவரில் பட்டுத் திரும்பியது. மறுபடி தொடங்கினான். "அதே முறைப்பு. கையில ஒரு குடம். குடத்தோட வாய் உடைஞ்சிருக்கு. தோள்ல நரிக்குட்டி. கால்ல செருப்பு இல்ல, பனியில நடந்தே வந்திருக்கு. வளரவே இல்ல, நீ சொன்ன மாதிரியேதான் இருக்கு. வாசல்ல நிக்குது. கதவைத் திறம்மா."

கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு புத்தகத்தை மூடாமல், விரித்தபடியே அவள் கட்டிலின் மேல் வைத்தான்.